மனுதாரரே வாபஸ் பெற்றார்

மாருஞ்சி ரோடு, ஹிஞ்சேவாடி
4 செப்டம்பர் 2025

ஹரீஷ் அனந்தராமன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆபீசுக்கு ஆங்கிலத்தில் நான்கு மெயில் போட்டேன். நான்குக்கும் ஒரே பதில், அதுவும் ஒரே நிமிஷத்தில் வந்தது. மனுஷன் அவ்வளவு வேகமாகப் படிக்க மாட்டான். அதனால்தான் தமிழில், பேனா பிடித்து, தாளில் எழுதுகிறேன். மெயிலின் அடியில் உங்கள் பெயர் இருந்தது. அப்பா பெயர் அனந்தராமன் என்றால் தமிழ் தெரியாமல் போகாது என்று ஒரு நம்பிக்கை. தெரியாவிட்டால் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தயவுசெய்து மெஷினிடம் கொடுக்காதீர்கள்.

என் பெயர் சந்திரிகா. சொந்த ஊர் பொள்ளாச்சி. புனே வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் போசரியில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். நான் இங்கே பெண்களுக்கு பி.ஜி. நடத்துகிறேன். இருபத்திரண்டு கட்டில், இரண்டு வேளைச் சாப்பாடு. ஐ.டி. கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் நம் ஊர்ப் பெண்கள்தான் அதிகம்.

மே மாதத்திலிருந்து ஒரு கூத்து நடக்கிறது. விடிகாலையில் ஒரு பெண் ஆட்டோவில் வந்து பெட்டியோடு இறங்குவாள். "ஆன்ட்டி, ரூம் புக் பண்ணியிருக்கேன்" என்பாள். போனைக் காட்டுவாள். என் பி.ஜி. பெயரில் ஒரு வெப்சைட். அதில் என் வீட்டு வாசல், என் சமையலறை, நான் கரண்டியோடு நிற்கிற போட்டோகூட இருக்கும். எட்டாயிரம் அட்வான்ஸ் கட்டியிருப்பாள். என் கைக்கு ஒரு பைசா வந்திருக்காது. இதுவரை ஒன்பது பேர் இப்படி வந்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். வெப்சைட் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்தால் சுலபம் என்றார்கள். அந்த விவரத்தை இப்போதெல்லாம் மறைத்து வைக்கிறார்களாம். நியாயமான காரணம் உள்ளவர்கள் கேட்டுப் பெறுவதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது, காசு கிடையாது என்று எங்கள் பி.ஜி.யில் இருக்கும் வைஷாலி கண்டுபிடித்துச் சொன்னாள். ஜூன் 9-ஆம் தேதி மனு போட்டேன். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், போலீஸ் கொடுத்த சீட்டு எல்லாம் ஏற்றினேன். உலகத்துக்கே பொதுவான இடம் என்றதும் அமெரிக்காவில் இருக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் உங்கள் ஆபீஸ் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரிகிறது! நேரில் வந்தேன். செக்யூரிட்டி கேட்டைத் தாண்ட விடவில்லை.

இப்போது மனு எண்ணைப் போட்டுப் பார்த்தால் "மனுதாரரே வாபஸ் பெற்றார்" என்று வருகிறது. ஏனுங்க, நான் எப்போது வாபஸ் வாங்கினேன்? நான் போட்ட மனுவை எனக்கே தெரியாமல் திரும்ப வாங்கிய புண்ணியவான் யார்? அதை மட்டும் சொல்லுங்கள்.

வைஷாலி உங்கள் பக்கத்துக் கட்டடத்தில்தான் வேலை செய்கிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சந்திரிகா


ஹிஞ்சேவாடி
11 செப்டம்பர் 2025

மதிப்புக்குரிய சந்திரிகா மேடம்,

உங்கள் கடிதம் கிடைத்தது. தமிழ் எனக்குப் படிக்க வரும். எழுதித்தான் பல வருஷம் ஆகிறது. அப்பா விமானப் படையில் இருந்தார். லோஹேகாவில் வளர்ந்தேன். பள்ளியில் இந்தியும் சமஸ்கிருதமும்தான். தமிழ் அம்மா சொல்லிக் கொடுத்தது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனு போட்டவரை நாங்கள் தனியாகச் சந்திக்கக் கூடாது என்று விதி. ஆபீஸ் போன் பதிவாகிறது, மெயிலும் பதிவாகிறது. இந்தக் கடிதம் எழுதுவதே முறையில்லை. ஆனாலும் நீங்கள் கேட்டதற்குச் சொல்ல வேண்டும்.

ஒரு மனு ரொம்ப நாள் முடியாமல் இருந்தால் "இன்னும் தேவையா?" என்று கேட்டு ஒரு மெயில் போகும். ஒரு வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் மனுதாரர் வாபஸ் பெற்றதாக சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு ஜூலை 25, வெள்ளிக்கிழமை மாலை போயிருக்கிறது. உங்கள் பதில் வரவில்லை. திங்கள் மாலை மனு மூடப்பட்டது.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். எங்கள் மேசை, அதாவது இந்த மனுக்களைப் பார்க்கும் பிரிவு, ஒரு சோதனை ஏற்பாடு. இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, தொடரலாமா மூடலாமா என்று நவம்பரில் முடிவு செய்கிறார்கள். நாங்கள் ஆறு பேர். மனுக்கள் குறைவு, செலவு மட்டும் குறையவில்லை. இந்தச் செலவை யார் ஏற்பது என்பதுதான் இரண்டு வருஷமாகச் சண்டை. வெப்சைட் பெயர்களைப் பதியும் கம்பெனிகள் "நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்" என்கின்றன. கேட்கிறவர்களிடமே ஒரு மனுவுக்கு நாற்பது டாலர் வாங்கலாம் என்று ஒரு கட்சி. அப்படிச் செய்தால் உங்களைப் போன்றவர்கள் வர மாட்டார்கள், பெரிய வக்கீல் கம்பெனிகள் மட்டும்தான் வரும். ஒரு மனுவுக்குச் சராசரி நாற்பது நிமிஷத்துக்குமேல் ஆகாவிட்டால் கட்டணம் இல்லாமலே ஓட்டலாம் என்று நான் கணக்குப் போட்டு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் நிலுவை சேரக் கூடாது.

நீங்கள் புதிதாக இன்னொரு மனு போடலாம். அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

தங்கள்,
ஹரீஷ்


மாருஞ்சி ரோடு
19 செப்டம்பர் 2025

அன்புள்ள ஹரீஷ் தம்பிக்கு,

உங்கள் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்காகக் காசு வாங்காமல் ஓட்டப் பார்க்கிறீர்கள் என்று படித்ததும் மனசு இளகிவிட்டது. கோபத்தில் எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மெயில் வந்தது நிஜம்தான். மேலேயே "இந்த மெயிலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வேண்டாம் என்கிறார்களே, நாம் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். கீழே ஒரு பொத்தான் இருந்ததாம், அதை அழுத்தியிருக்க வேண்டுமாம். இன்றைக்குத்தான் வைஷாலி காட்டினாள்.

அவள் இன்னொன்றும் காட்டினாள். என் மனுவின் பக்கத்தில் "ஜூன் 11: பதில் பெறப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. அப்படியென்றால் ஜூன் மாதமே பதில் வந்துவிட்டதா? என்ன பதில் அது? எனக்கு ஏன் வரவில்லை? புது மனு போடுவதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.

தம்பி, இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நல்ல மழை. தீப்தி என்று ஒரு பெண் வந்தாள். ஒன்பதாவது ஆள். முதலில் வந்த பெண்களுக்கெல்லாம் ஹாலில் பாய் போட்டாவது இடம் கொடுத்தேன். எனக்கும் ஒரு அளவு இருக்கிறதல்லவா? அலுத்துவிட்டது. "எத்தனை பேர்டி இப்படி ஒரே கதையைத் தூக்கிட்டு வருவீங்க, நாடகமா ஆடறீங்க? பொய்க்காரி!" என்று கத்தி கேட்டைச் சாத்திவிட்டேன். அந்தப் பெண் எதிரில் இருக்கும் மருந்துக் கடைப் படியில் இரண்டு மணி நேரம் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிட வாய் வரவில்லை. கத்திவிட்டு எப்படிக் கூப்பிடுவது என்று வீம்பு.

மறுநாள் அவளுக்கு வேலையில் சேரும் நாளாம். ஜுரத்தில் போக முடியவில்லை. கம்பெனி அடுத்த ஜனவரிக்குத் தள்ளிவிட்டது. போன வாரம் அவள் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறாள். மோசடி செய்ததாக, என் மேல். நவம்பர் 3-ஆம் தேதி விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வெப்சைட் என்னுடையதல்ல என்று நிரூபிக்காவிட்டால் பி.ஜி.யை மூட வேண்டியதுதான். வீட்டு ஓனர் இப்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அந்தப் பதிலை மட்டும் சொல்லிவிடுங்கள் தம்பி.

அன்புடன்,
சந்திரிகா


லோஹேகாவ்
26 செப்டம்பர் 2025

சந்திரிகா அக்காவுக்கு,

இதை ஆபீசில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. லீவு போட்டு வீட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மா இரண்டு தடவை வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். ஆபீஸ் வேலை என்றேன்.

முந்தாநாள்தான் உங்கள் மனுவுக்கு, வெப்சைட்டைப் பதிந்த கம்பெனி அனுப்பிய பதிலைத் திறந்தேன். ஜூன் 11 முதல் அது அங்கே இருந்தது. நான் திறக்கவில்லை.

எங்கள் சிஸ்டத்தில் ஒரு பதிலைத் திறந்த கணத்திலிருந்து நேரம் ஓடத் தொடங்கும். ஃபைலை முடிக்கும்வரை எத்தனை நிமிஷம் என்று பதிவாகும். வக்கீல் கம்பெனி மனுக்கள் ஒரே அச்சில் இருக்கும், இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். தனி ஆட்களின் மனு அப்படியல்ல. கரண்ட் பில் மங்கலாக இருக்கும், கதை நீளமாக இருக்கும், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். ஒன்றுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். நாற்பது நிமிஷச் சராசரி அப்போது நிற்காது. அதனால் அப்படிப்பட்ட ஃபைல்களைத் திறக்காமல் வைத்திருப்பேன். வாபஸ் ஆன மனு கணக்கில் சேராது. வெள்ளிக்கிழமை மாலை அந்த மெயிலை அனுப்புவது சிஸ்டம் இல்லை, நான். சனி, ஞாயிறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் வெள்ளிக்கிழமை. போன கடிதத்தில் சிஸ்டம் என்று எழுதியது பொய்.

காசு இல்லாதவர்களுக்காக இலவசமாக வைத்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அதற்காகக் காசு இல்லாதவர்களையே வெளியே தள்ளியிருக்கிறேன். இப்படி மூடியது எழுபத்தொரு மனு. வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பதில் இரண்டே வரி. வெப்சைட் உங்கள் பெயரில் இருக்கிறது அக்கா. உங்கள் பெயர், உங்கள் போன் நம்பர், மாருஞ்சி ரோடு விலாசம். பதிவு செய்த கம்பெனியே கேட்டிருக்கிறது: "மனு போட்டவரும் இவரும் ஒருவர்தானா? ஆம் என்றால் அடையாள அட்டை அனுப்பட்டும், ஒரே நாளில் வெப்சைட்டை அவர் கட்டுப்பாட்டுக்கு மாற்றித் தருகிறோம்." ஜூன் 11 அன்றே கேட்டிருக்கிறார்கள்.

மனுவில் "இந்த வெப்சைட் பெயர் எப்போதாவது உங்களிடம் இருந்ததா?" என்ற கேள்விக்கு நீங்கள் "இல்லை" என்று போட்டிருக்கிறீர்கள். அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

அந்தக் கம்பெனிக்கு எழுத வேண்டிய விலாசத்தைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். இன்றே அனுப்புங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

ஹரீஷ்


மாருஞ்சி ரோடு
6 அக்டோபர் 2025

திரு. ஹரீஷ் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன விலாசத்துக்கு ஆதார் நகலை அனுப்பினேன். மறுநாளே வெப்சைட் என் கைக்கு வந்துவிட்டது. வைஷாலி அதை மூடினாள். அரை மணி நேர வேலை. நான்கு மாசம் தவித்தது அரை மணி நேரத்தில் முடிந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 11-க்குப் பிறகு என் வாசலில் வந்து இறங்கிய பெண்கள் ஆறு பேர். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு பேரும் ஏமாந்தது நீங்கள் ஒரு பதிலைத் திறக்கவில்லை என்பதால். தீப்தி மழையில் நனைந்தது அதனால். இல்லை, அவள் நனைந்ததற்கு நான்தான் காரணம். ஆனால் வந்ததற்குக் காரணம் நீங்கள். தம்பி என்று கூப்பிட்டேனே உங்களை! உங்கள் கடிதத்தை வைஷாலியிடம் காட்டி, "பார், எவ்வளவு நல்ல பையன்" என்று சொன்னேனே!

நான் "இல்லை" என்று போட்டது ஏன் என்று தெரியவில்லை என்றீர்கள். சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் தேஜஸ் என்று ஒரு பையன் வந்தான். வெப்சைட் இருந்தால் கட்டில் காலியாகவே இருக்காது என்று ஆசை காட்டினான். போட்டோ எடுத்தான். போனில் நம்பர் வரும், சொல்லுங்கள் என்பான். நான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே ஒவ்வொரு ஓ.டி.பி.யையும் வாசித்துக் காட்டினேன், அப்படித்தான் என் பெயரில் பதிந்திருக்கிறான். வீட்டுக்காரர் இதெல்லாம் தண்டச் செலவு என்று சத்தம் போட்டார். "வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நாளில் தேஜஸ் போனை எடுப்பதை நிறுத்தினான். அதோடு அது செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாசம் மனு போடும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வி வந்தது. அவர் படித்துவிட்டு, "நம்மகிட்ட எங்க இருந்துச்சு, இல்லைன்னு போடு" என்றார். போட்டேன். மனசுக்குள் ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்தது. அந்தக் கரண்டி போட்டோ தேஜஸ் எடுத்ததுதான் என்று பார்த்ததுமே தெரியும். ஆனால் மூன்று வருஷத்துப் பொய்யை அவர் முன்னால் அவிழ்க்க தைரியம் வரவில்லை.

ஸ்டேஷனில் இப்போது கேள்வி வேறு. "வெப்சைட் உங்க பேர்லதான் இருக்கு. நீங்களே நடத்தி, மாட்டிக்கிட்டதும் மூடிட்டீங்க" என்கிறார் சப்-இன்ஸ்பெக்டர். எனக்கு உங்களிடமிருந்து ஒரே ஒரு காகிதம் வேண்டும். நான் ஜூன் 9-இல் கேட்டேன், 11-இல் பதில் வந்தது, செப்டம்பர் 24 வரை அது திறக்கப்படவில்லை. இந்த மூன்று தேதி, ஆபீஸ் முத்திரையோடு, உங்கள் கையெழுத்தோடு. திருடி தானே போய்த் தன்னைத் தேடச் சொல்வாளா? அந்தத் தேதிகள் இருந்தால் நான் பிழைத்துக்கொள்வேன்.

சந்திரிகா


ஹிஞ்சேவாடி
17 அக்டோபர் 2025

அக்கா,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

எங்கள் மேனேஜர் சேவியரிடம் உங்கள் காகிதத்தைப் பற்றிக் கேட்டேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, பாதிதான் சொன்னேன். அவர் ஃபைலைப் பார்த்தார். "அந்தம்மா இல்லைன்னு டிக் பண்ணியிருக்காங்கல்ல? பொய்த் தகவல். மனுவே செல்லாது. நாம எதுவும் எழுதித் தர வேணாம், முடிஞ்சுபோச்சு" என்றார். ரொம்ப லேசாகச் சொன்னார். எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

காகிதம் கொடுத்தால் செப்டம்பர் 24 வரை ஏன் திறக்கவில்லை என்று கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் எழுபத்தொரு ஃபைலும் வெளியே வரும். சராசரி முப்பத்தெட்டு நிமிஷம் என்று நான் எழுதிய அறிக்கை நவம்பர் 12-ஆம் தேதி பெரியவர்கள் முன்னால் போகிறது. அது பொய் என்றாகிவிட்டால் மேசையை மூடுவார்கள், அல்லது நாற்பது டாலர் வைப்பார்கள். ஆறு பேர் வேலை போகும். ராஜஸ்ரீ என்று ஒரு பெண் பிரசவ லீவில் இருக்கிறாள். சேவியருக்கு இரண்டு லோன்.

இதெல்லாம் உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று தெரியும். இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஆறு பெண்கள் கட்டிய அட்வான்ஸை நான் கொடுத்துவிடுகிறேன். வைஷாலி மூலமாக அனுப்புகிறேன், யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம். காகிதம் மட்டும் என்னால் முடியவில்லை.

நான் கோழை என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹரீஷ்


மாருஞ்சி ரோடு
27 அக்டோபர் 2025

ஹரீஷுக்கு,

உங்கள் பணத்தை வைஷாலி திருப்பிக் கொடுத்திருப்பாள். அந்தக் கவரை நான் பிரிக்கவில்லை.

தீபாவளி முடிந்த மறுநாள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "மூணு வருஷமா?" என்று மட்டும் கேட்டார். டிபன் டப்பாவை எடுத்துக்கொள்ளாமலே பட்டறைக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள், "வா, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றார்.

அதற்கு முன்னால் தீப்தியைப் பார்க்கப் போனேன். ஒரு சிநேகிதி அறையில் ஒட்டிக்கொண்டு இருக்கிறாள். வாசலிலேயே நின்று சொன்னேன். வெப்சைட் என் பெயரில்தான் இருந்தது, எனக்குப் பாதி தெரியும், தெரிந்தும் இல்லை என்று எழுதினேன் என்று சொன்னேன். அவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. "ஆன்ட்டி, எட்டாயிரம் போனது போகட்டும். பொய்க்காரின்னு சொன்னீங்களே என்னை, அதைத்தான் என்னால மறக்க முடியல" என்றாள். பொய் சொன்னவள் நான். பட்டத்தை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

பிறகு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். தேஜஸுக்கு ஓ.டி.பி. கொடுத்தது, வீட்டுக்காரரிடம் மறைத்தது, மனுவில் "இல்லை" என்று போட்டது, எல்லாம். இனி உங்கள் சேவியர் சார் அதைத் தோண்டி எடுத்துக் காட்ட வேண்டிய சிரமம் இல்லை. நானே கொடுத்துவிட்டேன்.

நான் கேட்டது ஜூன் 9 என்று சொன்னேன். "அதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். உங்கள் செப்டம்பர் கடிதம் என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நீங்கள் கூசிக்கொண்டே எழுதிய கடிதம் அது. அதைப் பிடுங்கிக் காட்டிப் பிழைக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்களாகத் தந்தால் தாருங்கள்.

நவம்பர் 3, திங்கள், பதினோரு மணி.

சந்திரிகா


லோஹேகாவ்
2 நவம்பர் 2025

அக்காவுக்கு,

இதை வைஷாலி கையில் கொடுக்கவில்லை, நானே வந்து உங்கள் லெட்டர் பாக்ஸில் போடுகிறேன். மேலே வர மாட்டேன். விதிக்காக இல்லை. உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே சேவியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை முழுசாகச் சொன்னேன். "ஏன்டா இப்படிப் பண்ணினே, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார். மூன்று நாள் உட்கார்ந்து எழுபத்தொரு ஃபைலையும் திறந்தேன். பத்தொன்பதில் பதில் வந்து காத்திருந்தது. பத்தொன்பது பேருக்கும் அனுப்பினேன். நான்கு பேர்தான் மறுமொழி எழுதினார்கள். அதில் இரண்டு பேர், இனி தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். உண்மையான சராசரி தொண்ணூற்றாறு நிமிஷம். அறிக்கையை அந்த எண்ணோடு திருத்தி, பழையதில் நான் என்ன செய்தேன் என்பதையும் முதல் பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். இலவசமாக ஓட்ட முடியும் என்று இனி யாரும் நம்ப மாட்டார்கள். கட்டணம் வரும், இல்லாவிட்டால் மூடுவார்கள். எனக்கு வேலை இருக்காது என்று சேவியர் மேலிடத்தில் பேசிவிட்டு வந்து சொன்னார். ராஜஸ்ரீக்கும் மற்றவர்களுக்கும் என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது. அவர்கள் யாரும் என்னோடு சாப்பிட வருவதில்லை.

நீங்கள் கேட்ட காகிதத்தை நேற்று நானே ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று தேதி, ஆபீஸ் முத்திரை, என் கையெழுத்து. ஒரு நகல் இதோடு இருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொல்லி வாக்குமூலம் எடுத்தார். நாளைக்கு அதை உங்கள் முன்னால் படிப்பார்கள். தீப்தியும் இருப்பார். அங்கே கேட்பதற்கு முன்னால் என்னிடமிருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஏன் திறக்கல?" என்று கேட்டார். அறிக்கையைப் பற்றி, சராசரியைப் பற்றி, யார் செலவை ஏற்பது என்ற சண்டையைப் பற்றி, நாற்பது டாலரைப் பற்றி எல்லாம் மராத்தியில் சொல்லிப் பார்த்தேன். கால் மணி நேரம் பேசியிருப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பேனாவை மட்டும் எடுக்கவில்லை.

நான் முடித்ததும், "அதெல்லாம் சரி. திறந்து படிச்சிருந்தா எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" என்றார்.

செப்டம்பர் 24 அன்று திறந்தபோது ஓடிய நேரம் ஃபைலில் இருக்கிறது. உங்களுக்கு எழுதியபோது அதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

"ரெண்டு நிமிஷம் நாற்பது செகண்ட்" என்றேன்.

தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அப்போதுதான் பேனாவை எடுத்தார். அதை மட்டும் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

ஹரீஷ்